பழவேற்காட்டுத் தண்ணீரில் – 1: வடக்கிலிருந்து தெற்காக

ஏஜியன் கடலில் பாய்ப்படகு எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் தீவு தீவாகச் சுற்றுகிறவர்களின் திட்டங்களைக் கொஞ்ச காலம் ஆசையாகப் படித்துவந்தேன். கிரேக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் தீவுகள்; ஆள் குடியிருப்பவை இருநூற்றுச் சொச்சம். படகை வாடகைக்கு எடுக்க ஓட்டத் தெரிந்ததற்கான சான்றிதழ் வேண்டும். கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்டெமி காற்றுக்குக் கொஞ்சம் பயப்பட வேண்டும். மற்றபடி ஆழம் குறித்த வரைபடம், துறை, குடிதண்ணீர், டீசல் என்று எல்லாமே வீட்டில் உட்கார்ந்து போடுகிற கணக்குதான். என்னிடம் அதற்கான காசும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனால் சென்னைக்கு வடக்கே, காலையில் கிளம்பினால் டிபன் நேரத்துக்குப் போய்ச் சேருகிற தூரத்தில், தீவுகளோடு ஓர் ஏரி கிடக்கிறது.

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி. தெற்கு வடக்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை நம்மிடம். ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய மூன்றும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. கிழக்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா. உள்ளே வேனாடு, இருக்கம் என்று தீவுகள். பழவேற்காடு போகிறவர்கள் பெரும்பாலும் டச்சுக் கல்லறையின் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு படம் எடுத்து, இறால் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய ஜெல்ட்ரியா கோட்டையில் இன்று பார்க்க அதிகமில்லை. தண்ணீரைப் பார்க்கத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

இங்கே நாள்கணக்கில் படகில் போவது புதிதும் இல்லை. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகச் சென்னை அடுப்புகளுக்கு வந்த காலம் உண்டு. 1876–78 பஞ்சத்தின்போது ஆளுநராக இருந்தவரின் பெயரைத் தாங்கிய அந்தக் கால்வாய் இந்த ஏரியின் ஊடாகத்தான் போகிறது. கால்வாய் தூர்ந்து, லாரிகள் வந்த பிறகு அந்தப் போக்குவரத்து நின்றது.

வரைபடத்தை மடித்து எடுத்துக்கொண்டு நடுவூர் மாதா குப்பத்துக்குப் போனேன். வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார். பென்சிலால் நான் போட்டிருந்த கோடு பழவேற்காட்டில் தொடங்கி வடக்கே ஏறியது.

“இன்னா தம்பி, இத்தினி நாளு தண்ணியில இன்னா பண்ணப் போற?”

“சுத்திப் பாக்கணும் ஐயா. தீவுக்குத் தீவு தங்கி.”

“யாரு தண்ணியில போவ?”

இந்தக் கேள்விக்குக் கிரேக்கக் கடல் வரைபடம் எதுவும் பதில் வைத்திருக்காது. இங்கே ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிச் சிலவே. நீர் வற்றும்போது ஏரியிலிருந்து கடலுக்குப் போகிற இறாலை அங்கே கழி நட்டுக் கட்டிய வலையில் பிடிக்கிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் யாருக்கும் மிஞ்சாது. அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முறை வைத்துக்கொள்கின்றன. ஊருக்குள் சீட்டுக் குலுக்கி எந்த இடம் யாருக்கு என்று தீர்மானிக்கிறார்கள். சர்க்கார் ஆணையில் பிறந்த ஏற்பாடு இல்லை இது. ஊர்க்கூட்டம் காப்பாற்றி வருவது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கிற இரவுகளில் ஒருவருடைய முறை வருகிறது என்றால், அவருடைய பல நாள் வருமானம் அந்த வலையில் இருக்கிறது. குறுக்கே ஒரு வேடிக்கைக்காரன் படகில் போய் நின்றால் என்ன ஆகும்? அவர் கேட்டதன் பொருள் அதுதான். இந்த முறையில் இடமில்லாத மற்றக் குப்பத்துக்காரர்களுக்கு அதில் மனக்குறை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே என் நாள்காட்டியில் முதலில் ஏறியவை அமாவாசையும் பௌர்ணமியும். அடுத்து ராக்கெட். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதல் நடக்கிற நாளில் அந்தப் பக்கத்துக் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே குப்பங்களில் அறிவிப்பார்கள். சந்திரயான் கிளம்பினால் நாம் தொலைக்காட்சி முன் கைதட்டுகிறோம்; இவர்களுக்கு அன்று ஒரு நாள் தொழில் போகிறது.

பிறகு அனுமதி. ஏரியின் இரண்டு மாநிலப் பகுதிகளும் பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறையிடம் எழுதிக் கேட்க வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததிலிருந்து பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை. சுற்றிக்காட்டுகிறேன் என்று காதோரம் வந்து சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். தீவுக்காரர்கள் அன்றாடம் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற துறைப்படகு, சாலை, நடை, இவற்றை வைத்தே பயணத்தைப் போட்டுக்கொண்டேன். இருக்கத்துக்கு அப்படித்தான் போக முடியும். ஆந்திராவில் இருக்கிற அந்தத் தீவில் தமிழ் கேட்கலாம்.

எந்த மாதம்? ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். சித்திரைக்குப் பிறகு வெயில். தை பிறந்து வாடை தணிந்ததும் மாசி முடிய உள்ள நாட்கள்தான் தோது. பூநாரைகளும் அப்போது ஏரியில் இருக்கும். என் பென்சில் கோட்டைப் பெரியவர் விரலால் பின்னோக்கி இழுத்தார்.

“வடக்க மொதல்ல போ. அங்கதான் தண்ணி சீக்கிரம் சுண்டும். நீ ஊர் ஊரா தங்கி மேல போறதுக்குள்ள சேறுதான் இருக்கும். இங்க முகத்துவாரம் அடைச்சிக்காம இருந்தா, கடைசி வரைக்கும் தண்ணி இருக்கும்.”

முகத்துவாரம் மணல் மேவி அடைத்துக்கொள்வது இந்த ஊரின் பழைய நோய். அடைத்தால் இறால் குஞ்சு உள்ளே வராது. படகு வெளியே போகாது. மணலை வாரித் திறப்பதும் அது திரும்ப மூடுவதும் பலமுறை நடந்திருக்கிறது.

ஆக, சூலூர்பேட்டையில் இறங்கி, கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலப்பட்டைப் பார்த்துவிட்டு வேனாடு. அங்கே தர்காவில் ஓர் இரவு. அங்கிருந்து தெற்கே இருக்கம், பிறகு நம் எல்லைக்குள் ஆரம்பாக்கம், அண்ணாமலைச்சேரி. கடைசியாகப் பழவேற்காடும் லைட் ஹவுஸ் குப்பமும். ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு மூன்று நாள், பிந்துவதற்கென்று தனியாகச் சில நாள். மூட்டையில் குடிதண்ணீர் கேன், தொப்பி, கொசுவலை, டார்ச், சேற்றில் நடக்க ரப்பர் செருப்பு. இரண்டு வனத்துறைகளுக்கும் கடிதம் போயிருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கத்துப் பதில் வந்துவிட்டது.

(அடுத்த இதழில்: நேலப்பட்டு)