ஊதியம் இல்லை என்றால் விலையும் இல்லையா?

கடந்த பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் என்னைக் காண வீட்டிற்கு வந்திருந்தார். ஆறாம் ஆண்டில் என்னிடம் தமிழ் பயின்றவர். இப்பொழுது பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறார். கண்கள் சிவந்திருந்தன. "தேர்வு நேரமா?" என்று வினவினேன்.

"இல்லை டீச்சர். ரெட்டிட் தளத்தில் ஒரு குழுமத்திற்கு மட்டுறுத்துநராக இருக்கிறேன். இரவில்தான் வேலை அதிகம்" என்றார்.

வசைச்சொற்கள், மோசடி விளம்பரங்கள், பார்க்கக் கூசும் படங்கள் ஆகியவற்றைத் தேடி நீக்குவதே அந்த வேலையாம். "சம்பளம் எவ்வளவு?" என்றேன். சிரித்தார். "ஒரு சென்கூட இல்லை டீச்சர். பிடித்திருக்கிறது, செய்கிறேன்."

அவர் விடைபெற்றுச் சென்ற பின்னும் அந்தப் பதில் என் மனத்தை விட்டு அகலவில்லை. ரெட்டிட் ஏழை நிறுவனமன்று. 2023-ஆம் ஆண்டில் அதன் வருவாய் 800 மில்லியன் அமெரிக்க டாலரைத் தாண்டியது. 2024 மார்ச்சில் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அதன் குழுமங்களை நாள்தோறும் துப்புரவாக வைத்திருப்பவர்களோ பெரும்பாலும் ஊதியமற்ற தொண்டர்கள்.

இலவச உழைப்பு நிறுவனத்திற்கு இலாபந்தானே என்று தோன்றலாம். 2023-இல் நடந்ததைப் பாருங்கள். வெளியார் உருவாக்கிய செயலிகள் தன் தளத்தோடு இணைவதற்கு ரெட்டிட் பெருங்கட்டணம் விதித்தது. மட்டுறுத்துநர் பலர் அச்செயலிகளைக் கொண்டே பணியாற்றி வந்தனர். எனவே ஜூன் 12 அன்று எட்டாயிரத்திற்கும் மேற்பட்ட குழுமங்கள் கதவடைத்தன. தளமே சிறிது நேரம் செயலிழந்தது. திறக்க மறுப்போரை நீக்குவோம் என்று நிறுவனம் எச்சரித்தது. சம்பளம் பெறாதவரிடம் சம்பளத்தை வெட்டுவோம் என்று சொல்ல முடியாதல்லவா? பதவியைப் பறிக்கலாம், பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த அறிவையும் அக்கறையையும் புதியவரிடம் உடனே எதிர்பார்க்க முடியுமா? பங்கு வெளியீட்டு ஆவணத்தில், தொண்டர்களைச் சார்ந்திருப்பதை அந்நிறுவனமே ஓர் இடராகக் குறிப்பிட்டுள்ளது.

சட்டத்தின் வழியாகவும் இடர் வரும். 1990-களில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் தன் அரட்டை அறைகளை ஆயிரக்கணக்கான தொண்டர்களைக் கொண்டு நடத்தியது. அவர்களுக்குப் பணிநேரமும் அறிக்கைக் கடமையும் இருந்தன. 1999-இல் முன்னாள் தொண்டர்கள், "நாங்கள் செய்தது ஊழியர் வேலை" என்று வழக்குத் தொடுத்தனர். 2010-இல் 15 மில்லியன் டாலர் இழப்பீட்டோடு அது முடிவுக்கு வந்தது.

இவற்றைப் படித்தபோது எனக்கு என் தவறு நினைவுக்கு வந்தது. எங்கள் பள்ளி நூல்நிலையத்தை ஓர் அம்மா பல ஆண்டுகள் பேணி வந்தார். கிழிந்த நூல்களை ஒட்டுவார். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கதை பிடிக்கும் என்பதையும் அறிந்திருப்பார். ஓராண்டு நான் அவரைக் கேளாமலேயே நேர அட்டவணையை மாற்றி, கையொப்பமிட ஒரு பதிவேட்டையும் வைத்தேன். அவர் சண்டையிடவில்லை. மறுவாரத்திலிருந்து வரவில்லை, அவ்வளவுதான். புதியவரை அமர்த்தினோம். நூல்கள் வரிசையாக நின்றன; பிள்ளைகளின் கூட்டம் குறைந்தது. அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கப் பல மாதங்கள் ஆயின.

தொண்டு என்பது விலையில்லாப் பொருளன்று. மதிப்பு என்னும் நாணயத்தில் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுக்கத் தவறினால் ஒருநாள் மொத்தக் கணக்கும் நம் முன் வந்து நிற்கும். பெரிய நிறுவனமாயினும் சிறிய தமிழ்ப்பள்ளியாயினும் இதுவே உண்மை.

என் மாணவருக்கு அன்றிரவே ஒரு செய்தி அனுப்பினேன்: "தொண்டு செய், தம்பி. ஆனால் உன் உறக்கத்தைக் கொடுத்துச் செய்யாதே."

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இரவில் கணினி முன் யாருக்காக உழைக்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்களே, நம் பள்ளிக்குக் கைம்மாறு கருதாமல் உழைப்பவரிடம் கடைசியாக எப்பொழுது கருத்துக் கேட்டோம்?