எல்எல்சி பெயருக்கு வீடு

அமெரிக்காவில் வாடகைக்கு விட்ட வீட்டை எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) பெயருக்கு மாற்றப்போகிறாராம் நண்பர். கடன் இன்னும் பாக்கி. "தவணைதான் ஒழுங்கா கட்டுறேனே, பேங்குக்கு என்ன?" என்கிறார். கடன் பத்திரத்தைப் புரட்டிப் பாருங்க என்றேன். உரிமை கைமாறினால் மொத்தப் பாக்கியையும் உடனே கேட்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கும். 1982-ல் வந்த கார்ன்-செயின்ட் ஜெர்மைன் சட்டம் அதற்கு நாடு முழுக்கப் பலம் கொடுத்தது. குடியிருப்பு வீடுகளுக்குச் சில விலக்குகளும் தந்தது: வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் உரிமையாளர் ஆவது, கடன் வாங்கியவரே பயனாளியாகத் தொடரும் டிரஸ்ட் இப்படி. எல்எல்சி அந்தப் பட்டியலில் இல்லை. வட்டி ஏறியிருந்தால், 3 சதவீத வட்டிக்குக் கொடுத்த பழைய கடனைத் திரும்ப வாங்க எந்த வங்கிக்குத்தான் கசக்கும்? தவணை வரும்வரை பல வங்கிகள் கண்டுகொள்வதில்லை, வாஸ்தவம்தான். ஆனால் அது அவர்கள் இஷ்டம். பத்திரம் பதியும் முன் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.