குறையுள்ள ஆடி

முகம் பார்ப்பதற்கு வீட்டுச் சுவரிலே தொங்கும் கண்ணாடியை எவரும் ஐயத்தோடு நோக்குவதில்லை. அதன் இரசப்பூச்சு பின்புறத்தில் இருப்பதும், முன்னுள்ள கண்ணாடிப் பரப்பு தானும் நூற்றில் ஏறத்தாழ நான்கு பங்கு ஒளியைத் தெறிக்கச் செய்து மங்கலானதோர் இரண்டாம் விம்பத்தை உண்டாக்குவதும் முகம் பார்ப்பவனுக்குப் பொருட்டல்ல. இலேசர்க் கதிர் கொண்டு எழுதவும் அளக்கவும் முனைந்தவனுக்கோ அவ்விரண்டாம் விம்பம் ஒரு பொய். ஆகவே, பூச்சை முன்புறத்திலேயே இட்ட ஆடியை அவன் தெரிந்தெடுக்கின்றான். பொய் நீங்குகின்றது, ஆனால், துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும் மென்மை அதற்கு ஈடாக வந்து சேர்கின்றது.

ஆடியைத் தெரிதல் என்னும் காரியம் பெரும்பாலும் இத்தகையதே. ஒரு குறையைக் கொடுத்து மற்றொரு குறையை வாங்குவது அதன் இயல்பு. கதிரை இடமும் வலமுமாக விரைந்து வீச வேண்டின் ஆடி மெல்லியதாய் இருத்தல் வேண்டும். பாரமான ஆடியின் சடத்துவம் விரைவைத் தடுக்கும். மெல்லிய ஆடியோ விரைந்து திரும்புகையில் தானே வளைந்து கதிரின் குவிவைக் கெடுக்கும். பெரிலியம் பாரமற்றது, விறைப்பும் மிக்கது; எனினும் அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. பொன்பூச்சு செந்நிறக்கீழ்க் கதிர்களை நன்கு தெறிக்கச் செய்யும். நீல ஒளியில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும்.

செரொக்ஸ் நிறுவனத்து ஆய்வாளரான கேரி ஸ்டார்க்வெதரும் இத்தகையதொரு பேரத்தினுள் அகப்பட்டவரே. இலேசர்க் கதிரால் எழுத்துக்களை வரைந்து அச்சிடலாம் என்ற எண்ணத்தில் அவர் 1969ஆம் ஆண்டளவில் முயற்சி தொடங்கினார். மேலிடத்தார் அதனை ஆதரிக்கவில்லை. 1971இல் அவர் நியூயோர்க் மாநிலத்தை விட்டுக் கலிபோர்னியாவிலுள்ள அந்நிறுவனத்தின் பாலோ அல்ற்றோ ஆய்வு நிலையத்துக்குச் சென்று அப்பணியைத் தொடர்ந்தார்.

அவர் பயன்படுத்தியது சுழலும் பல்கோண ஆடி. அதன் ஒவ்வொரு முகமும் கதிரை ஒரு வரியாக வீசிச் செல்லும். முகங்கள் யாவும் சுழலச்சுக்கு ஒரே சாய்வில் அமையாவிடின் வரிகள் மேலும் கீழும் பிறழும். அப்பிறழ்வு எத்துணையது என்பதைக் கணித்துப் பார்க்கலாம். ஆடி சாயும் கோணத்தின் ஏறத்தாழ இருமடங்கு தெறிகதிர் திரும்பும். ஒரு முகம் 10 விகலை, அதாவது ஒரு பாகையின் 360இல் ஒரு பங்கு, சாய்ந்திருப்பின், அரை மீற்றருக்கு அப்பால் கதிர் ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர் விலகிவிடும். அங்குலத்துக்கு 300 வரிகள் எழுதும் பொறியில் இரு வரிகளுக்கு இடைப்பட்ட தூரமே 0.085 மில்லிமீற்றர்தான். இப்பிழையும் நேராத வண்ணம் முகங்களைத் தீட்டுதல் இயலும். ஆனால், அத்தகைய ஆடியின் விலை பொறியையே விற்க முடியாததாக்கிவிடும்.

ஸ்டார்க்வெதர் கண்ட விடை ஆடியில் இருக்கவில்லை. ஒரு திசையில் மாத்திரம் ஒளியைக் குவிக்கும் உருளை வில்லையொன்றை அவர் கதிரின் வழியில் வைத்தார். ஆடியின் முகம் சற்றுச் சாய்ந்து கதிரை மேலோ கீழோ அனுப்பினும், வில்லை அதனை உரிய வரிக்கே கொண்டு சேர்த்தது. மலிவான ஆடி போதுமானதாயிற்று. 1977இல் வெளிவந்த செரொக்ஸ் 9700 என்னும் பொறி நிமிடத்துக்கு 120 பக்கங்களை அச்சிட்டது.

குறையற்ற ஆடியைத் தேடி அவர் காத்திருந்திருப்பின் அப்பொறி வெளிவரக் காலம் பிடித்திருக்கும். குறையை அவர் மறைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அது எத்திசையில் தீங்கு செய்யும் என்பதை அறிந்து, அத்திசையில் மாத்திரம் அதற்குத் துணை வைத்தார். மனிதரைத் தெரிந்தெடுக்கும் இடங்களிலும் இவ்வாறு சிந்திப்போர் அரியர். குறையுடையவர் என்று ஒருவரைத் தள்ளிவிடுதல் எளிது. அவர் அருகே எந்த வில்லையை வைக்கலாம் என்று எண்ணுதலே கடினம்.

ஸ்டார்க்வெதர் 2019இல் காலமானார். இன்றும் இலேசர் அச்சுப்பொறிகள் பலவற்றுள் பல்கோண ஆடி சுழன்றுகொண்டிருக்கின்றது. தாளில் நேராக நிற்கும் வரிகளைப் படிப்பவர், முற்றிலும் நேராக நில்லாத அவ்வாடியை நினைப்பதில்லை.