மோட்டார் வீடு புகட்டும் பாடம்

விசையைத் தட்டினால் விளக்கு எரிகின்றது. குழாயைத் திருகினால் நீர் கொட்டுகின்றது. பொத்தானை அழுத்தினால் மலம் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. இவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று நகரவாசி ஒருநாளேனும் எண்ணிப் பார்ப்பதுண்டா? எண்ண வேண்டிய அவசியமே அவனுக்கு நேர்வதில்லை. எண்ணாமையினின்று இரண்டு குற்றங்கள் பிறக்கின்றன. ஒன்று வீண் செலவு. மற்றொன்று, நமக்காக உழைப்போரை மதியாமை. இவ்விரண்டுக்கும் மருந்தாக ஒரு பழைய மோட்டார் வீடு அமையக்கூடும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மோட்டார் வீடென்பது படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, மலக்கூடம் ஆகியவற்றைத் தன்னுள் அடக்கிய பெரிய வண்டி. நியூசிலாந்தில் இவ்வண்டிகள் மிகுதி. அந்நாட்டின் தெற்குத் தீவில், பூக்காக்கி ஏரிப் பக்கத்தில், முப்பது ஆண்டுகளைக் கடந்த அத்தகைய வண்டி ஒன்றில் நண்பரொருவரோடு நான்கு இரவுகள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. எதிர்க்கரைக்கு அப்பால் 3,724 மீட்டர் உயர்ந்த ஆவோராக்கி மலை பனி மூடி நின்றது. மின்சாரக் கம்பியில்லை; குழாயில்லை; சாக்கடையுமில்லை.

முதற்பாடம் தண்ணீர். வெளியிடங்களில் தங்குவோரைப்பற்றி அந்நாட்டார் 2011-ல் ஒரு சட்டம் செய்தனர். தன்னிறைவுடையதென்று சான்று பெறும் வண்டி, மூன்று நாட்களுக்கு ஆளொன்றுக்குப் 12 லிட்டர் நல்ல நீரேனும் கொள்ளுமாறு இருத்தல் வேண்டும். அழுக்கு நீரைத் தரையில் விடாது தேக்கிக்கொள்ளும் தொட்டியும் வேண்டும். அஃதாவது நாளொன்றுக்கு 4 லிட்டர். சிங்கப்பூரில் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி வீட்டில் ஒருவர் நாளொன்றுக்குச் செலவிட்டது 141 லிட்டர்! எங்கள் தொட்டியில் 60 லிட்டர் இருந்தது. இருவருக்கும் நான்கு நாட்களுக்கும் பங்கிட்டால் தலைக்கு நாளொன்றுக்கு ஏழரை லிட்டர். தட்டைக் காகிதத்தால் துடைத்தபின் கழுவினால் ஒரு குவளை நீர் போதும். துடையாமற் கழுவினால் மூன்று குவளை வேண்டும். தோட்டத்து லயங்களில் பொதுக்குழாயடியில் வரிசை நின்று நீர் பிடித்த நம் பாட்டிமார் இக்கணக்கை நன்கறிந்திருந்தனர். குழாய் வீட்டுக்குள் வந்தது. கணக்கு வீட்டைவிட்டுப் போயிற்று.

இரண்டாவது மின்சாரம். வண்டியிலிருந்த 12 வோல்ட் ஈயப் பாட்டரியின் கொள்ளளவு 100 ஆம்பியர்-மணி. ஆயினும் இவ்வகைப் பாட்டரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே நம் கைக்குரியது பாதியே. அதாவது சுமார் 600 வாட்-மணி. 1,500 வாட் கொதிகெண்டி ஒன்றை இதில் இணைத்தால் பாட்டரியினின்று 125 ஆம்பியருக்குமேல் இழுக்கும். அரைமணி நேரமும் தாங்காது. எனவே தேநீருக்கு நீர் காய்வது காஸ் அடுப்பில். குளிர்ப்பெட்டியுங்கூடக் காஸ் சுடரின் சூட்டைக்கொண்டே குளிரை உண்டாக்கும் பழைய வகையைச் சேர்ந்தது. வண்டி சரிந்து நின்றால் அது வேலை செய்யாது. கூரைமேலிருந்த ஒளிப்பலகை பகலில் பாட்டரியை நிரப்பியது. அத்தேசத்தில் சூரியன் வடபுறமாகவே வானில் ஏறுகின்றான். ஆதலின் தெற்கே மரமிருப்பினும் கேடில்லை; வடக்கே நிழலிருத்தல் கூடாது. இரவில் எந்த விளக்கை அணைப்பது என்று இருவர் கலந்து பேசும்போதுதான் வெளிச்சத்துக்கும் விலையுண்டென்பது விளங்குகின்றது.

பழைய வண்டியாயிருந்ததும் ஒரு நன்மையே. புதியதில் யாவும் மூடி மறைக்கப்பட்டிருக்கும். பழையதோ தன் உறுப்புகளைத் திறந்து காட்டுகின்றது. கூரையின் பொருத்துவாய்களில் மழைநீர் கசிகின்றதா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். குளிருக்கஞ்சிக் காற்றுத் துளைகளை அடைத்தல் ஆகாது, காஸ் சரிவர எரியாவிடில் எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உறங்குவோரைக் கொன்றுவிடும். அதனையறிந்து ஒலியெழுப்பும் கருவி ஒவ்வொரு வண்டியிலும் இருத்தல் அவசியம்.

நிற்க. மூன்றாவது பாடமே தலையாயது. 2023-ல் அந்நாட்டார் செய்த சட்டத்தின்படி, சான்று வேண்டும் வண்டியில் மலக்கூடம் வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருத்தல் வேண்டும். அதன் அடியில் கழற்றக்கூடிய பெட்டியொன்று உளது. அது நிறைந்தால் சுமார் இருபது கிலோ எடையிருக்கும். அதனைக் கழிவுநிலையத்துக்கு எடுத்துச் சென்று ஊற்றிக் கழுவவேண்டும். யார் எடுத்துச் செல்வது? பயன்படுத்தியவரே! நாங்கள் சென்றபோது அங்கே வயது முதிர்ந்த வெள்ளையர் ஒருவரும், மாவோரி நங்கை ஒருத்தியும், சீனத் தம்பதிகளும் ஆளுக்கொரு பெட்டியுடன் நின்றனர். அவர்களுக்குப் பின்னே நாங்களும் நின்றோம். எவரும் எவர் குலத்தையும் வினவவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு பிறரை ஏவியவரும் இல்லை. வேலை முடிந்ததும் கைகழுவி, வணக்கம் கூறிப் பிரிந்தனர்.

அன்பர்களே! இக்காட்சியை நம் சமூகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் வாளிக் கக்கூஸ் முற்றிலும் ஒழிந்தது 1987-ல்தான். அதுவரை பிறர் மலத்தை வாளியில் எடுத்துச் சுமந்த மனிதர் இவ்வூரில் இருந்தனர். இந்தியாவில் மனிதர் மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டமும், அது போதாமையால் 2013-ல் மற்றொரு சட்டமும் செய்யவேண்டியதாயிற்று. அதற்குப் பின்னும் தமிழ்நாட்டில் சாக்கடைக் குழியில் இறங்கி மூச்சடைத்து மாண்ட தொழிலாளர் உண்டு. காரணம் யாது? அவ்வேலை ஒரு சாதிக்குரியதென்று பிறப்பிலேயே எழுதி வைத்த கொடுமையன்றோ? அழுக்கை உண்டாக்கியவன் தூயவன். அதனை அகற்றியவன் தீண்டத்தகாதவன்! இதனினும் தலைகீழான நியாயம் உலகில் வேறுண்டோ? இருபது கிலோப் பெட்டியைத் தன் கையால் ஒருமுறை சுமந்தவன் இந்நியாயத்தை மறுமுறை வாய்திறந்து பேசமாட்டான்.

“வசதியுள்ளோர் நாலு நாள் ஆடும் விளையாட்டு இது, ஏழைகளுக்கு நீரும் விளக்கும் இன்மை நாள்தோறும் உள்ளதுதானே?” என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. குறைந்த நீரில் வாழ்வது புண்ணியமென்று ஏழைக்கு உபதேசிப்பவன் வஞ்சகன். விரும்பி ஏற்ற குறை வேறு. சுமத்தப்பட்ட குறை வேறு. குழாயும் மின்சாரமும் சாக்கடையும் ஒவ்வொரு குடிக்கும் உரியவை. அவற்றைப் பெற்றோர் அவற்றின் விலையையும், அவற்றுக்குப் பின்னே நிற்கும் உழைப்பையும் அறிந்திருக்க வேண்டுமென்பதே நாம் கூறுவது.

இதற்காக எல்லோரும் கடல்கடந்து மோட்டார் வீடு தேடவேண்டுவதில்லை. ஒரு நாளைய நீரை வாளியில் அளந்து வையுங்கள். வீட்டு மலக்கூடத்தை ஆணும் பெண்ணும் முறைவைத்துக் கழுவுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு இதனை முதலிற் பழக்குங்கள். காலையில் தெருவில் குப்பை அள்ளும் தொழிலாளியைக் கண்டால், ஆசிரியருக்குக் கூறும் அதே மரியாதையோடு வணக்கம் கூறுங்கள். தன் அழுக்கைத் தான் சுமக்கக் கற்ற சமூகத்தில் சாதி நெடுநாள் நிலைக்க இயலாது.