ரெண்டு சொட்டு

ராத்திரி இரண்டு மணி. பிரசவத்துக்கு வந்திருந்த தங்கையின் அறையிலிருந்து 'கர்ர்... கர்ர்...' என்று சத்தம். ஒன்றரை மாதப் பயலுக்கு மூக்கடைப்பு. பாலுக்கு வாயை வைப்பான். நாலு இழுப்பு. மூச்சு முட்டும். விட்டுவிட்டு வீறிடுவான்.

நமக்கு மூக்கு அடைத்தால் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுகிறோம். கைக்குழந்தைக்கு அந்த வித்தை சரியாகக் கைவராது. முதல் சில மாதங்கள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு. சாதாரண சளியே அதற்குப் பெரிய அவஸ்தை.

அதற்குள் அம்மா கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "ரெண்டு சொட்டு விட்டு, வாயால ஒரு ஊது ஊதினா சரியாப் போயிடும். உனக்கும் அப்படித்தான் பண்ணினேன்."

நான் மட்டும் என்ன ஒழுங்கா? தைலத்தை விரலில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் தங்கை. அலமாரியிலிருந்து சலைன் சொட்டு மருந்தை எடுத்தாள். அளவாக உப்புக் கலந்த சுத்தமான தண்ணீர், அவ்வளவுதான். (பெரியவர்கள் விட்டுக்கொள்ளும் மூக்கடைப்பு மருந்தும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அது குழந்தைக்கு ஆகாது. கடையில் கேட்டு வாங்குங்கள்.) பயலை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு. சளி இளக ஒரு நிமிடம் காத்திருந்தாள். பிறகு, உறிஞ்சி எடுக்கிற ரப்பர் பல்பை என்னிடம் கொடுத்தாள்.

நான் அதை மூக்கருகில் கொண்டுபோய் அமுக்கப் போனேன். "அண்ணே! காத்து உள்ள போயிடும். முதல்ல வெளியில அமுக்கி, அப்புறம் மூக்கு ஓரத்துல வெச்சு மெதுவா விடு." விட்டேன். வந்தது. பயல் ஒருமுறை தும்மினான். பத்து நிமிடத்தில் பால் குடிக்க ஆரம்பித்தான்.

காலையில் டாக்டரிடம் போனோம். அவர் சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் போனால், மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், காய்ச்சல் வந்தால், கை வைத்தியமே கூடாது, ஓடிவந்துவிட வேண்டும் என்றார். இவனுக்கு 46. பால் கொடுக்கும் முன் சலைன் விடலாம், ஆனால் பல்பை ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவைக்கு மேல் எடுத்தால் மூக்கின் உட்புறம் புண்ணாகி இன்னும் வீங்கும் என்றார். தைலத்தில் உள்ள கற்பூரமும் மென்தாலும் இந்த வயசுக்கு ஆகவே ஆகாதாம்.

"எண்ணெய்?" என்று அம்மா கேட்டாள்.

"மூக்குல விடாதீங்கம்மா. நுரையீரலுக்குள்ள இறங்கிட்டா நிமோனியாவாகலாம்."

வரும்போது ஆட்டோவில் அம்மா பேசவேயில்லை. சிக்னலில் நின்றபோது, தெருவைப் பார்த்தபடி சொன்னாள்: "உனக்கு முன்னால பொறந்தவன் சளி கட்டித்தான்டா போனான். அவனுக்கும் விட்டேன்."

அப்படி ஒருத்தன் இருந்தான் என்பது எனக்குத் தெரியும். எப்படிப் போனான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "அது எதனாலயோம்மா..." என்றேன். வேறென்ன சொல்ல?

அன்று ராத்திரி மறுபடி 'கர்ர்' கேட்டது. நான் எழுந்து போவதற்குள் அம்மா பயலின் சட்டையைத் தூக்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.