விட்டுவைத்த வெண்மை

அச்சுக்கலையைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. அரபு இலக்கணமும் தமிழ் இலக்கணமும் போதித்தே நம் காலத்தைக் கழித்துவிட்டோம். ஆயினும் எழுமலையில் நமது மத்ரஸாவின் ஆண்டு மலரை வெளியிடும் பொறுப்பு நம்மீது சுமத்தப்பட்டபோது, மையைப் பற்றிய பாடமொன்றை இந்த வயதில் கற்க நேர்ந்தது.

மலருக்கு இரண்டு வண்ணங்கள் போதும் என்று நிர்வாகத்தார் முடிவு செய்தனர்: கறுப்பும் பச்சையும். நான்கு வண்ண அச்சுக்குக் கையிருப்பு இடந்தரவில்லை. முதற்பக்கத்தில் நம் உஸ்தாத் மர்ஹூம் அவர்களின் படம் அமைய வேண்டும். படம் எடுத்துக்கொள்ள விரும்பாதவர்கள் அவர்கள். ஹஜ்ஜுப் பயணத்துக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே உண்டு. பெட்டியில் துணி சுற்றிக் காத்துவந்த அதனை, அவர்களுடைய மகளார் நம்மை நம்பிக் கொடுத்தார்.

உசிலம்பட்டியில் டி.டி.பி. செய்யும் தம்பி ஒருவர் பக்கங்களை வடிவமைத்தார். முன்பு 1985இல் வெளிவந்த பேஜ்மேக்கர் செய்த வேலையை, 1999இல் வந்த இன்டிசைன் என்னும் மென்பொருள் இன்று செய்கிறது. அவர் படத்துக்கு இளம்பச்சை ஏற்றி, சாதாரண லேசர் அச்சுப்பொறியில் மெய்ப்பு எடுத்துத் தந்தார். அப்பொறிக்குக் கறுப்பு ஒன்றே தெரியும். பச்சையெல்லாம் வெளிர்சாம்பலாகவே நம் கண்ணுக்குத் தோன்றியது. பழைய படம் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக் கையொப்பமிட்டோம். தாள்கள் சிவகாசியில் அச்சாகி வந்தன.

மகளார் முதற்பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஹஜ்ரத், எங்க அத்தாவோட தாடி எப்ப பச்சையாச்சு?" என்று கேட்டார். நாம் குனிந்த தலை நிமிரவில்லை.

மறுநாள் அத்தம்பியிடம் சென்று காரணம் கேட்டோம். அவர் பொறுமையுடன் விளக்கினார். நான்கு வண்ண அச்சில் பச்சை என்பது நீலப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும் சேர்ந்து கண்ணுக்குக் காட்டும் தோற்றம். நாம் கேட்டதோ ஸ்பாட் கலர். அது முன்னரே கலந்துவைத்த ஒரே மை, அதற்கென்று ஒரு தனி பிளேட். எந்த ஊரில் அச்சிட்டாலும் அதே பச்சை கிடைக்கும்பொருட்டு மைகளுக்கு எண்ணிடும் முறையை அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் 1963இல் கொண்டுவந்தது.

கணினியில் ஒவ்வொரு படமும் ஒரு சட்டத்துக்குள் அமர்கிறது. கறுப்பு அம்பினால் தொட்டால் சட்டம் பிடிபடும். வெள்ளை அம்பினால் தொட்டால் உள்ளிருக்கும் படம் பிடிபடும். கிரேஸ்கேல் படத்தையே பிடித்து நிறம் கொடுத்தால் கருமையான பகுதிகள் பச்சையாகும். வெண்மை அப்படியே நிற்கும். சட்டத்துக்கு நிறம் கொடுத்தாலோ கருமை கருமையாகவே இருக்க, வெளுத்த இடமெல்லாம் பச்சையாகும். தம்பி தொட்டது சட்டத்தை. உஸ்தாதின் தொப்பியும் தாடியும் நிறம் மாறியது அதனால்தான்.

இதைக் கேட்டபோது நாம் மத்ரஸாவில் ஓதிய வரலாறு நினைவில் எழுந்தது. குர்ஆன் பிரதிகளில் கறுப்பெழுத்தின்மேல் உயிரொலிகளைக் காட்டச் சிவப்புப் புள்ளிகளை இடும் முறையை, ஹிஜ்ரி 69இல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் தொடங்கியதாகக் கூறுவர். எழுத்து ஒரு மை, குறி வேறொரு மை. ஒன்றின் இடத்தை மற்றொன்று கவர்ந்துகொள்ளவில்லை. பின்னர் கலீல் இப்னு அஹ்மத் அவர்கள் புள்ளிகளுக்குப் பதிலாகச் சிறு வடிவங்களை அமைத்தபின், ஒரே மையினாலும் எழுத வழி பிறந்தது. எந்த மை எதற்கு உரியது என்னும் தெளிவு அம்முன்னோரிடம் இருந்தது. கையொப்பமிட்ட நம்மிடம் இல்லை.

தம்பி படத்தையே பச்சையாக்கியும் காட்டினார். தாடி வெளுத்தது, ஆனால் முகம் களையிழந்தது. பச்சை எவ்வளவு அடர்ந்தாலும் கறுப்பின் ஆழத்தை எட்டாது. ஆகவே கண்களின் கூர்மை மங்கிவிடுகிறது. மத்ரஸாக் கட்டடத்தின் படத்துக்கு அது பொருந்தியது, அங்கே வைத்துக்கொண்டோம். உஸ்தாதின் படத்தைக் கறுப்பிலேயே விட்டு, சட்டத்தின் நிறத்தை நீக்கி, தலைப்புக்கும் ஓரக்கோட்டுக்கும் மட்டும் பச்சை கொடுத்தோம். அந்தத் தாளை மறுபடியும் அச்சிட்டோம். கையொப்பம் நம்முடையதாகையால் செலவும் நம்முடையதாயிற்று.

மலர் வெளியிடும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். கறுப்பு மெய்ப்பை மட்டும் நம்பி ஒப்பம் இடாதீர்கள். எந்தெந்த பிளேட்டில் எது விழுகிறது என்பதைக் கணினித் திரையிலேயே தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வசதி இன்டிசைனில் உண்டு. அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அச்சில் வெண்மை என்று ஒரு மை ஊற்றப்படுவதில்லை. அது நாம் தொடாமல் விட்டுவைத்த காகிதம். ஒருவரைப் போற்றும் ஆர்வத்தில் அவர்மீது நிறம் பூசுவோர், எதை விட்டுவைக்க வேண்டும் என்பதை முதலில் அறிதல் நலம்.

புதிய தாளை மகளாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். "இப்பத்தான் எங்க அத்தா" என்றார். மூலப்படத்தையும் திருப்பித் தந்தோம். அதே துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.