டோக்கியோவின் வசந்தத்தில் ஒரு நோன்பாளி

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்குகிறது. புதிய மாணவன் பல்கலைக்கழகத்தில் காலடி வைக்கும் அதே நாள்களை ஒட்டித்தான் டோக்கியோ நகரத்துச் செர்ரி மரங்களும் பூக்கின்றன. ஹனாமி எனப்படும் மலர் காணும் விருந்து, தேநீர்ச் சடங்கு, மே மாதத்து வீதித் திருவிழாக்கள் என வெளிநாட்டு மாணவர்களுக்கு அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். மேற்படிப்புக்காக அங்கே செல்லவிருக்கும் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் சிலர், “இவற்றுக்கெல்லாம் போகலாமா?” என்று என்னிடம் கேட்பதுண்டு. ஒட்டுமொத்தமாக ஆம் என்றோ கூடாது என்றோ விடை சொல்ல எனக்கு இயலவில்லை. 2024ஆம் ஆண்டின் வசந்தம் எனக்கு எவ்வாறு கழிந்தது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பூவைப் பற்றி ஒரு சொல். டோக்கியோவில் மிகுதியாகக் காணப்படுவது சோமெய் யோஷினோ என்னும் வகை. ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுவதால் அவ்வகை மரங்கள் யாவும் ஒரே மரத்தின் நகல்கள். ஆதலால் ஒரு வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரே வேளையில் பூத்து, ஒரே வேளையில் உதிர்ந்துவிடுகின்றன. யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கும் மாதிரி மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்ததும், நகரில் செர்ரி பூத்துவிட்டதாக வானிலைத் துறை அறிவிக்கும். பிறை பார்த்து நோன்பு நோற்கும் நமக்கு, ஒரு மாநகரமே ஒரு மரத்தின் மீது கண் வைத்துக் காத்திருப்பது அத்தனை வியப்பைத் தராது. 2023இல் அந்த அறிவிப்பு மார்ச் 14ஆம் நாளே வந்துவிட்டது. மறு ஆண்டிலோ மார்ச் 29 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏப்ரல் 4இல் பூக்கள் முழுமையாக மலர்ந்தன. ரமழானின் இறுதிப் பத்து நாள்களும் அப்போதுதான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஹனாமி ஏப்ரல் 6, சனிக்கிழமை, யோயோகி பூங்காவில் என்று முடிவாயிற்று. நான் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜப்பானில் ஆய்வுக்கூடம் என்பது ஏறக்குறைய ஒரு குடும்பம். கருவிகளை இயக்கக் கற்றுத் தருபவரும், காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு உடன் வருபவரும், நகராட்சிப் படிவத்தைப் படித்துச் சொல்பவரும் அங்கே உள்ளவர்களே. அக்குடும்பத்தின் முதல் கூடலுக்கே வராதவனை அடுத்த கூடலுக்கு அழைக்கத் தயங்குவார்கள். வருத்தப்படுவானோ என்ற மரியாதையினாலேயே தயங்குவார்கள்.

நோன்பு எனக்குச் சிக்கலாக இல்லை. மதுதான் சிக்கல். மரத்தடியில் நீலநிற விரிப்பைப் பரப்பி, உணவுப் பெட்டிகளோடு பீரும் சாக்கேயும் வைத்துக்கொண்டு பிற்பகல் முழுவதும் அமர்ந்திருப்பதே பெரும்பாலான ஹனாமி. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். “நான் குடிக்கவில்லையே, உடன் இருந்தால் என்ன?” என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த விளக்கத்தை என் மனம் ஏற்கவில்லை.

விருந்துக்கு இடம் பிடித்து வைப்பது இளையவர்களின் கடமை என்று அப்போதுதான் அறிந்தேன். அதிகாலையிலேயே சென்று விரிப்பைப் போட்டு, மற்றவர்கள் வரும்வரை அதன் மேல் காவல் இருக்க வேண்டும். யாரும் விரும்பாத வேலை. எங்கள் மூத்த மாணவரிடம் சென்று, “நான் எப்படியும் விடியலுக்கு முன்பே எழுந்துவிடுகிறேன், இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் மது ஊற்றத் தொடங்கும்போது விடைபெற்றுக்கொள்வேன்; என் மார்க்கத்தில் அந்த அமர்வு கூடாது” என்றேன். அவர் முதலில் நோன்பைப் பற்றித்தான் கேட்டார். “தண்ணீர்கூடக் குடிப்பதில்லையா?” நோன்பாளி எவனும் இக்கேள்விக்குத் தப்பியதில்லை. பிறகு தம் குறிப்பேட்டில் என் பெயரை எழுதி, அதன் எதிரே ‘காலை 6 முதல் 12 வரை’ என்று குறித்துக்கொண்டார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. அதற்காக இரண்டு இரவுகள் நான் உறங்காதிருந்ததை அவர் அறியார்.

ஸஹர் முடித்து, சுபுஹுத் தொழுது, முதல் ரயிலில் பூங்காவை அடைந்தேன். குளிர் விரல்களைக் கடித்தது. ஆளரவமற்ற மரத்தடியில் அமர்ந்து குர்ஆன் ஓதிய அந்த மணித்துளிகளைப் போல நிம்மதியானவை அவ்வாண்டு முழுவதிலும் எனக்குச் சிலவே வாய்த்தன. பதினொரு மணியளவில் எல்லாரும் வந்தனர். பேராசிரியர் என் ஊரைப் பற்றி, கடலைப் பற்றி, வாப்பாவின் தொழிலைப் பற்றியெல்லாம் கேட்டார். புகைப்படம் எடுத்துக்கொண்டோம். குவளைகள் கைக்கு வரும் நேரத்தில் நான் எழுந்தபோது, ஒரு சக மாணவி சிறு பெட்டி ஒன்றைத் தந்தார். உள்ளே சகுரா மொச்சி: உப்பிட்ட செர்ரி இலையில் பொதிந்த, உள்ளே இனிப்புப் பயறு வைத்த பலகாரம். மேலே ஒரு சீட்டு. மதுவும் விலங்குக் கொழுப்பும் சேரவில்லை என்று கடையில் கேட்டு எழுதியிருந்தார். சமையலில் மிரின் என்னும் இனிப்பு மது சொல்லாமலே கலந்துவிடும் நாட்டில், அந்தச் சீட்டின் மதிப்பை வெளிநாட்டு முஸ்லிம் மாணவர் மட்டுமே முழுதாக உணர்வார்.

ஒரு நிறுத்தம் தள்ளி யோயோகி உவெஹாராவில் பள்ளிவாசல். ரஷ்யாவிலிருந்து புலம்பெயர்ந்த தாத்தாரிய முஸ்லிம்கள் 1938இல் எழுப்பியது. பழுதடைந்ததால் 1986இல் இடிக்கப்பட்டு, துருக்கியின் உதவியோடு 2000இல் மீண்டும் திறக்கப்பட்டது. லுஹர் முதல் அங்கேயே இருந்தேன். மாலை ஆறு மணி கடந்து நோன்பு திறந்தபோது, பேரீச்சம்பழத்துக்கு அடுத்து அந்த மொச்சியைத்தான் உண்டேன். இலையையும் சேர்த்து உண்ண வேண்டுமா என்று அருகிலிருந்த இந்தோனேசிய மாணவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை; இருவரும் உண்டோம்.

ஏப்ரல் 10இல் பெருநாள். அந்த வாரக் கடைசியில் மூத்த மாணவரே ஷின்ஜுகு கியோயென் பூங்காவுக்கு எங்களை அழைத்துச் சென்றார். ஒரு காலத்தில் அரச குடும்பத்துக்கு உரியதாயிருந்து, 1949இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட தோட்டம் அது. உள்ளே மது கொண்டுசெல்லத் தடை. வாயிலில் பைகளைப் பார்த்தே அனுப்புகிறார்கள். பின்பூக்கும் அடுக்குச் செர்ரி வகைகள் அங்கே ஏராளம். மாணவர்க்கு நுழைவுக் கட்டணம் அப்போது 250 யென். மாலை வரை அனைவரோடும் ஒரே விரிப்பில் இருந்தேன். நம் பிள்ளைகள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய இடம் இது. ஆய்வுக்கூடத்தாரிடம் நீங்களே இதனை முன்மொழியலாம்.

தேநீர்ச் சடங்கில் இடர் ஏதுமில்லை. முதலில் இனிப்பு, பிறகு கிண்ணத்தைச் சற்றே திருப்பிப் பருகும் பச்சைத் தேநீர். கால்கள்தாம் மரத்துப்போயின.

மே மாதம் வேறு வகை. நான் குடியிருந்தது அசகுசாவை அடுத்த பகுதி. மே மாதத்தின் மூன்றாம் வாரக் கடைசியில் நிகழும் சான்ஜா திருவிழாவில், தெருவாசிகள் தத்தம் மிகோஷியைத் தோளில் சுமந்து வீதிகளில் வருவார்கள். எங்கள் தெருச் சங்கத்துப் பெரியவர் என் அறைக்கே வந்து, தோள் கொடுக்க இளைஞர்கள் போதவில்லை என்று அழைத்தார். “அதனுள்ளே என்ன இருக்கிறது?” என்று கேட்டேன். “கமி-சாமா” என்றார். தெய்வம். அழகிய மரவேலை, கலாசார நிகழ்ச்சி என்று வெளிநாட்டு மாணவர்களுக்கு அறிமுகம் செய்யப்படுவதை, உரியவரே அது வழிபாடு என்று சொல்லிவிட்ட பிறகு, எனக்கு ஐயம் எதுவும் மிஞ்சவில்லை. படைத்தவன் ஒருவனையே வணங்குபவன் நான், அதற்கு என் தோளைத் தர இயலாது என்று பணிவோடு சொன்னேன். பெரியவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குக் கடினமாக இருந்தது. பிறகு, ஜூனில் நிலநடுக்கப் பயிற்சி இருக்கிறது, அதற்கு வர முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

போர்வையையும் இரு கழிகளையும் கொண்டு தூக்குக்கட்டில் செய்யக் கற்றுத் தந்தார்கள். காயமுற்றவராக நடிக்கப் பெரியவரே படுத்துக்கொண்டார். முன்பக்கம் எனக்கு. மிகவும் கனமானவர், தெருக்கோடி வரை, இன்னும் வேகமாக நடக்கும்படி படுத்தவாறே அதட்டிக்கொண்டு வந்தார்.